சீசியம் யாரோடு சேர்கிறது: சில குறிப்புகள்

சீசியம் என்றால் பலருக்கும் அணுக் கடிகாரம்தான் நினைவுக்கு வரும். சீசியம்-133 அணுவுக்குரிய ஒரு நுண்ணலை 9,192,631,770 முறை அலைந்தால் ஒரு நொடி என்று 1967இல் வரையறுத்தார்கள். அது தனி அணுவின் பெருமை. எண்ணெய்க் கிணற்றிலும் எக்ஸ்-ரே அறையிலும் அமில ஆலையிலும் உழைப்பவை சீசியத்தின் சேர்மங்கள். அவற்றைப் பற்றி அங்கங்கே படித்ததை இங்கே ஒன்றுசேர்க்கிறேன்.

*

அடிப்படைச் செய்தி ஒன்று. கார உலோகங்களின் வரிசையில் லித்தியம், சோடியம், பொட்டாசியம், ருபிடியம் என்று இறங்கிவந்தால் ஐந்தாவது சீசியம். அதற்குக் கீழே உள்ள ஃபிரான்சியம் நிமிடக் கணக்கில் சிதைந்துவிடும். ஆகவே நடைமுறையில் சீசியம்தான் கடைசி. கடைசிக் கூட்டில் இருக்கும் ஒற்றை எலெக்ட்ரானை அதனிடமிருந்து பிரிக்க 3.89 எலெக்ட்ரான் வோல்ட் போதும். நிலையான தனிமங்களில் இதைவிடக் குறைவானது இல்லை.

எலெக்ட்ரானைக் கொடுத்தபின் மிஞ்சும் அயனி பெரியது. சோடியம் அயனியின் ஆரம் 1.02 ஆங்ஸ்ட்ராம், பொட்டாசியம் 1.38, சீசியம் 1.67. மின்னூட்டம் மூன்றுக்கும் ஒன்றே. பெரிய உடம்பில் பரவிய சிறிய மின்னூட்டம் என்பதால் சீசியம் தண்ணீரையும் எதிரயனியையும் வலுவாக இழுத்துப் பிடிப்பதில்லை. கீழே வரும் குறிப்புகளில் பாதிக்கு மேல் இதன் விளைவுகள்தான்.

*

இதிலிருந்தே ஒரு தலைகீழ் விளைவு. சோடியம் அயனி சிறியது. ஆனால் கரைசலில் நீர் மூலக்கூறுகளை இறுகப் பற்றிக்கொண்டு திரிகிறது. சீசியம் தளர்வாக ஒன்றிரண்டைத் தொட்டுக்கொண்டு போகிறது. தண்ணீருக்குள் அளந்தால் சோடியத்தின் சுற்றளவு பெரிது, சீசியத்தினுடையது சிறிது. பின்னால் பிரஷ்யன் நீலத்துக்கும் களிமண்ணுக்கும் இது தேவைப்படும்.

*

எல்பா தீவு, 1846. அங்கே கிடைத்த இரண்டு கனிமங்களுக்குப் பிரைத்தாப்ட் என்ற ஜெர்மானியக் கனிமவியலாளர் காஸ்டர், பொலக்ஸ் என்று கிரேக்கப் புராண இரட்டையரின் பெயரை வைத்தார். பொலக்ஸைக் கார்ல் பிளாட்னர் பகுத்துப் பார்த்தார். சிலிக்கா இவ்வளவு, அலுமினா இவ்வளவு, சோடா, பொட்டாஷ், தண்ணீர் என்று எல்லாவற்றையும் எடை போட்டுக் கூட்டினால் 92.75 விழுக்காடுதான் வந்தது. மீதி ஏழேகால் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. கனிமமும் தீர்ந்துவிட்டது.

1864இல் பிசானி என்ற வேதியியலாளர் அந்தக் கணக்கை எடுத்துத் திருத்தினார். பிளாட்னர் பொட்டாசியம் என்று எண்ணி எடை போட்டது சீசியம். பொட்டாசியத்தின் அணு எடை 39, சீசியத்தினுடையது 133. அதை மாற்றிப் போட்டதும் கூட்டல் நூறுக்கு வந்துவிட்டது. கல்லில் மூன்றில் ஒரு பங்கு சீசியம் ஆக்சைடு! வேதியியலில் சீசியமும் பொட்டாசியமும் எவ்வளவு நெருங்கியவை என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது. கைதேர்ந்த பகுப்பாய்வாளரையே ஏமாற்றிய இந்த ஒற்றுமை நம் உடம்பையும் ஏமாற்றும்.

*

இடையில் 1860இல் ஹைடல்பெர்க்கில் பன்சனும் கிர்க்காஃபும் நிறமாலைமானியில் இரண்டு நீலக் கோடுகளைக் கண்டு புதிய தனிமம் என்று அறிவித்திருந்தார்கள். அவர்களுக்குக் கிடைத்த மூலப்பொருள் டுர்க்ஹைம் ஊற்றுநீர். 44 டன் தண்ணீரை வற்றவைத்துச் சேர்த்த சீசியம் குளோரைடு ஏழு கிராம் சொச்சம். மூன்றில் ஒரு பங்கு சீசியம் உள்ள கல் ஜெர்மனியின் கனிம அலமாரிகளில் வேறு பெயரில் இருந்தது.

*

உப்பு கிடைத்தும் உலோகத்தைத் தனியே எடுக்க இன்னும் 22 ஆண்டு ஆயிற்று. 1882இல் ஸ்வீடன்காரர் கார்ல் செட்டர்பெர்க், உருகிய சயனைடில் மின்சாரம் செலுத்திப் பிரித்தார். மங்கிய தங்க நிறம். 28.5 டிகிரியில் உருகும். தண்ணீரில் விழுந்தால் வெடிக்கும். உறைநிலைக்குக் கீழே 116 டிகிரிக் குளிரில் இருக்கும் பனிக்கட்டியோடும் வினைபுரியும். இப்படிப்பட்ட உலோகத்தைப் பெரிய அளவில் கையாள யாருக்கும் ஆசையில்லை. வணிகம் முழுக்க உப்புகளில்தான்.

*

பாடப்புத்தகத்தில் எல்லோரும் வரைந்த படம்: சோடியம் குளோரைடில் ஒவ்வோர் அயனிக்கும் ஆறு அண்டையர், சீசியம் குளோரைடில் எட்டு. கனசதுரத்தின் எட்டு மூலையிலும் குளோரைடு, நடுவில் சீசியம். பெரிய அயனியைச் சுற்றி எட்டுப் பேர் நிற்க இடம் இருக்கிறது. சுமார் 470 டிகிரிக்குச் சூடாக்கினால் இதுவும் ஆறுக்கு மாறிவிடும். பரீட்சைக்கு அது கேட்கப்படுவதில்லை.

*

சீசியம் குளோரைடின் மிகப் பெரிய வேலை உயிரியலில். சமையல் உப்பைத் தண்ணீரில் எவ்வளவு கரைத்தாலும் கரைசலின் அடர்த்தி லிட்டருக்கு 1.2 கிலோவைத் தாண்டாது. சீசியம் குளோரைடு 1.7ஐச் சுலபமாகத் தாண்டும். டிஎன்ஏவின் அடர்த்தியும் ஏறக்குறைய 1.7தான்.

1958இல் கால்டெக்கில் மெசல்சனும் ஸ்டாலும் இதைப் பயன்படுத்திக்கொண்டார்கள். கனமான நைட்ரஜன்-15 ஊட்டி வளர்த்த ஈ. கோலி நுண்ணுயிரைச் சாதாரண நைட்ரஜனுக்கு மாற்றி, ஒவ்வொரு தலைமுறையின் டிஎன்ஏவையும் சீசியம் குளோரைடு கரைசலில் இட்டு நிமிடத்துக்கு 44,770 சுற்று வேகத்தில் மணிக்கணக்கில் சுழற்றினார்கள். அந்த வேகத்தில் கனத்த சீசியம் அயனிகளே கீழே இறங்கப் பார்க்கும். பரவல் அவற்றை மேலே தள்ளும். இந்த இழுபறியில் குழாய்க்குள் மேலிருந்து கீழாக அடர்த்தி சீராகக் கூடிக்கொண்டே போகும். டிஎன்ஏ தன் அடர்த்திக்குச் சமமான மட்டத்தில் வந்து நின்றுவிடும். கனமானதற்கும் லேசானதற்கும் வித்தியாசம் கன சென்டிமீட்டருக்கு 0.014 கிராம். அது போதுமாக இருந்தது. முதல் தலைமுறையில் ஒரே பட்டை, சரியாக நடுவில். பழைய இழை ஒன்று, புதிய இழை ஒன்று என்று டிஎன்ஏ நகலாகும் முறை உறுதியாயிற்று.

*

இன்று சீசியத்தைப் பெருமளவில் பயன்படுத்தும் தொழில் எண்ணெய், எரிவாயு. ஆழத்தில் அழுத்தமும் வெப்பமும் மிகுந்த கிணறுகளில், கீழேயிருந்து வாயு பீறிட்டு வராமல் இருக்க மேலிருந்து கனமான திரவம் அழுத்திக்கொண்டிருக்க வேண்டும். வழக்கமாகப் பாரைட் பொடியைக் கலந்த சேறு. கிணற்றுக்காரர்கள் மட் என்பார்கள். பொடி என்றால் கீழே படியும், பாறைத் துளைகளை அடைக்கும், கருவிகளில் சிக்கும். துத்தநாக புரோமைடு கரைசலுக்குக் கனம் உண்டு; ஆனால் அமிலத்தன்மையால் இரும்பை அரிக்கும்.

சீசியம் ஃபார்மேட் கரைசலில் ஒரு துகள்கூடக் கிடையாது. தெளிந்த நீர் போன்ற திரவம், லிட்டருக்கு 2.3 கிலோ வரை கனம். காரத்தன்மை உடையது, நச்சு குறைவு. 1999இல் வடகடலின் ஷியர்வாட்டர் வயலில் முதலில் இறங்கியது. பிறகு நார்வேயின் க்விட்டபியோர்ன் போன்ற வயல்களுக்குப் போனது.

விலை அதிகம் என்பதால் யாரும் சொந்தமாக வாங்கிப் போடுவதில்லை. கல்யாணத்துக்குப் பாத்திரம் வாடகைக்கு எடுப்பதைப் போல எடுத்து, வேலை முடிந்ததும் அளந்து திருப்பிக் கொடுக்கிறார்கள். குறைந்ததற்குத் தனியாகக் காசு. ஏறக்குறைய 85 விழுக்காடு மீண்டுவந்து, சுத்தமாகி, அடுத்த கிணற்றுக்குப் போகிறது. ஒரு வேதிப்பொருள் இப்படி வாடகையில் சுற்றுவது அபூர்வம்.

*

மூலம் எங்கே? எல்பாவில் பொலக்ஸ் என்ற அதே கனிமம், இப்போது பொலுசைட். கனடாவின் மனிடோபாவில் பெர்னிக் ஏரிக்கு அடியில் உள்ள டாங்கோ சுரங்கம் நெடுங்காலமாக முதன்மை இடம். ஜிம்பாப்வேயின் பிக்கிடா அடுத்தது. மேற்கு ஆஸ்திரேலியாவின் சின்கிளேர் சிறிய படிவு. தோண்டத் தொடங்கிய கொஞ்ச நாளிலேயே தீர்ந்துவிட்டது. டாங்கோவை 2019இலும் பிக்கிடாவை 2022இலும் சீனாவின் சைனோமைன் நிறுவனம் வாங்கியது. சீசியம் என்றால் இன்று பெரும்பாலும் ஒரே கடைதான்.

*

கல்லிலிருந்து உப்பை எடுக்கும் வழி அழகானது. பொலுசைட்டில் அலுமினியமும் இருக்கிறது. கந்தக அமிலத்தில் செரிக்கவைத்தால் சீசியம், அலுமினியம், சல்பேட் மூன்றும் சேர்ந்து படிகாரம் ஆகும். சலூனில் முகத்தில் தேய்ப்பது பொட்டாசியம் படிகாரம். அது குளிர்ந்த நீரிலும் ஓரளவு கரையும். சீசியம் படிகாரம் குளிரில் கரையவே மாட்டேன் என்கிறது. சூடான கரைசலைக் குளிரவிட்டால் சீசியம் படிகமாகி இறங்கிவிடும். பொட்டாசியமும் ருபிடியமும் பெரும்பாலும் மேலே நீரிலேயே தங்கும். இரண்டு மூன்று முறை திரும்பச் செய்தால் சுத்தம். பிளாட்னரைக் குழப்பிய இரண்டு தனிமங்களை ஒரு வாளி குளிர்ந்த நீர் பிரித்துவைக்கிறது.

*

கொள்கலன் பற்றி ஒரு வரி: சீசியம் ஹைட்ராக்சைடு கண்ணாடியைத் தின்னும். பிளாஸ்டிக் போத்தலில்தான் வைக்க வேண்டும்.

*

வினையூக்கிகள். இவற்றில் சீசியம் சிட்டிகை அளவே, பலன் பெரிது.

கந்தக அமில ஆலையில் கந்தக டையாக்சைடை ட்ரையாக்சைடாக மாற்றுவது வனேடியம் வினையூக்கி. சிலிக்கா உருண்டைகளின் துளைகளுக்குள் அது உருகிய உப்பாக இருந்துதான் வேலை செய்யும். வெப்பம் குறைந்தால் வனேடியம் படிகமாகி முடங்கும். வெப்பம் கூடினாலோ வினையின் சமநிலை பின்னோக்கி நகரும். வழக்கமான பொட்டாசியம் உப்போடு சீசியத்தையும் சேர்த்தால் குறைந்த வெப்பத்திலும் உருகல் உருகலாகவே நிற்கும். கடைசிப் படுகையில் இதைப் போடும் ஆலையின் புகைபோக்கியில் கந்தக டையாக்சைடு குறையும்.

எத்திலீனை எத்திலீன் ஆக்சைடாக்கும் வெள்ளி வினையூக்கியிலும் மில்லியனில் சில நூறு பங்கு சீசியம் உண்டு. அது இல்லாவிட்டால் எத்திலீனில் கணிசமான பகுதி கார்பன் டையாக்சைடாக எரிந்து வீணாகும். பாலியெஸ்டர் சட்டை போட்டிருப்பவர்களுக்கெல்லாம் இந்தச் சிட்டிகையோடு தூரத்து உறவு உண்டு. எத்திலீன் ஆக்சைடிலிருந்து கிளைக்கால், அதிலிருந்து பாலியெஸ்டர். 2008இல் சிங்கப்பூரின் ஜூரோங் தீவில் தொடங்கிய ஆல்ஃபா முறை ஆலையில், அக்ரிலிக் கண்ணாடிக்கான மூலப்பொருளைச் சிலிக்காமேல் ஏற்றிய சீசியம்தான் செய்கிறது.

*

மருந்து ஆய்வகங்களில் சீசியம் கார்பனேட். கரிமக் கரைப்பானில் பொட்டாசியம் கார்பனேட் பெரும்பாலும் அடியில் கிடக்கும். சீசியம் உப்பு கூடுதலாகக் கரையும். கரைந்தபின் எதிரயனியை இறுகப் பிடிக்காததால் அது துணிந்து வினைபுரியும். 1973இல் கிசின், பெப்டைடு கட்டும்போது முதல் அமினோ அமிலத்தைப் பிசினில் ஏற்றச் சீசியம் உப்பைப் பயன்படுத்தினார். அன்றிலிருந்து இது ஆய்வக அலமாரியின் நிரந்தரவாசி. ஆலை அளவுக்குப் போகும்போது விலையைப் பார்த்துப் பொட்டாசியத்துக்குத் திரும்ப முடியுமா என்று யோசிப்பார்கள்.

*

வேதியியல் ஆசிரியர்களுக்கு ஒரு பரிசு: CsAu. தங்கம் எலெக்ட்ரானை விடாத உலோகம். சீசியம் கொடுக்கத் துடிக்கும் உலோகம். இரண்டும் சேர்ந்தால் கிடைப்பது உலோகக் கலவை அல்ல, உப்பு. தங்கம் அங்கே எதிரயனி! மஞ்சள் நிறம், மின்குறைகடத்தி, படிக அமைப்பு சீசியம் குளோரைடினுடையது. தண்ணீர் பட்டால் தங்கம் பழையபடி உலோகமாகப் பிரிந்துவிடும்.

*

ஒளி பட்டால் எலெக்ட்ரானை உதிர்க்கும் பரப்பு வேண்டுமா, சீசியம் இல்லாமல் முடியாது. 1929இல் வெள்ளி–ஆக்சிஜன்–சீசியம். 1936இல் கோர்லிச் கண்ட சீசியம் ஆன்ட்டிமனி. ஜப்பானின் சூப்பர் காமியோகாண்டேயில் நியூட்ரினோவுக்காகக் காத்திருக்கும் 11,000க்கும் மேற்பட்ட ஒளிக்குழாய்களின் உட்பரப்பில் ஆன்ட்டிமனி, பொட்டாசியத்தோடு சீசியமும் பூசியிருக்கிறது.

*

சீசியம் அயோடைடு. எக்ஸ்-ரே பட்டால் ஒளிரும் படிகம். தாலியம் சிறிது கலந்தால் பச்சை ஒளி. ஆவியாக்கிப் படியவிட்டால் ஊசி ஊசியாக, நெருக்கமாக வளரும். ஒவ்வோர் ஊசியும் தனக்குள் பிறந்த ஒளியைப் பக்கவாட்டில் சிதறவிடாமல் நேராகக் கீழே கடத்தும். அதனால் படம் மங்குவதில்லை. ஃபிலிம் இல்லாத டிஜிட்டல் எக்ஸ்-ரே பலகைகள் பலவற்றில் இருப்பது இதுதான்.

இதே உப்பு வேறொரு சாதனையும் செய்தது. 1974இல் டேனியல் ஃப்ரீட்மன், நியூட்ரினோ ஓர் அணுக்கருவை முழுதாக மோதித் தள்ளும் என்று கணித்தார். நியூட்ரான்கள் அதிகமாக இருக்கும் கரு என்றால் வாய்ப்பு பல மடங்கு கூடும். சீசியத்தில் 78, அயோடினில் 74. இரண்டும் ஏறக்குறைய ஒரே கனம். 2017இல் அமெரிக்காவின் ஓக் ரிட்ஜில் 14.6 கிலோ எடையுள்ள சீசியம் அயோடைடு படிகம் அந்த மோதலைப் பதிவுசெய்தது. டன் கணக்கில் கருவி தேவைப்படும் துறையில் இரு கையால் தூக்கக்கூடிய எடை.

*

இனி இருண்ட பக்கம். பிளாட்னரைப் போலவே உடம்பும் சீசியத்தைப் பொட்டாசியம் என்றே எடுத்துக்கொள்கிறது. செல்லுக்குள் விட்டுவிடுகிறது. ஆனால் பொட்டாசியம் வெளியேறும் வாயிலில் சீசியம் மாட்டி அடைத்துக்கொள்ளும். நரம்பியல் ஆய்வாளர்கள் வேண்டுமென்றே இதைச் செய்து பொட்டாசியம் மின்னோட்டத்தை நிறுத்துவார்கள். இதயத்தில் இது நடந்தால் துடிப்பு தாறுமாறாகும். சாதாரணச் சீசியம் குளோரைடைப் புற்றுநோய்க்கு மாற்று மருந்தென்று விற்றவர்கள் உண்டு. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2018இல் எச்சரிக்கை விட்டது. கதிரியக்கமே இல்லாத சீசியத்தின் கதை இது.

*

கோயானியா, பிரேசில், செப்டம்பர் 1987. கைவிடப்பட்ட கதிர்சிகிச்சை நிலையத்திலிருந்து ஒரு கருவியின் தலைப்பகுதியை இரும்புக்காக எடுத்துப்போய்ப் பிரித்தார்கள். உள்ளே 93 கிராம் சீசியம் குளோரைடு, கதிரியக்க ஐசோடோப்பான சீசியம்-137 கலந்தது. இருட்டில் நீலமாக ஒளிர்ந்த பொடியை உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் கொடுத்தார்கள், உடம்பில் பூசிக்கொண்டார்கள். ஆறு வயதுச் சிறுமி உட்பட நால்வர் இறந்தனர். 1,12,000க்கும் மேற்பட்டோரைப் பரிசோதித்ததில் 249 பேரிடம் மாசு இருந்தது.

கதிரின் அளவைப் பற்றித்தான் எல்லோரும் எழுதினார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது அந்தக் குளோரைடு. பொடியாக உதிரும், வியர்வையில் கரையும், மழையில் கரைந்து மண்ணில் இறங்கும். அதே அளவு சீசியம்-137 கரையாத ஒரு திடப்பொருளுக்குள் இருந்திருந்தால், பக்கத்தில் இருந்தவர்களுக்கு ஆபத்து குறைந்திருக்காது. ஆனால் ஊர் முழுக்கப் பரவியிருக்காது.

*

கோயானியாவில் 46 பேருக்குக் கொடுத்த மருந்து, ஓவியர்கள் முந்நூறு ஆண்டாகப் பயன்படுத்தும் பிரஷ்யன் நீலம். இரும்பும் சயனைடும் கட்டிய கூண்டு அது. நீர்ச் சுமையோடு வரும் சோடியம் அதற்குள் நுழையத் திணறும். சுமை குறைந்த சீசியம் உள்ளே போய்ப் பொருந்திக்கொள்ளும். குடலுக்கும் இரத்தத்துக்கும் இடையே சுற்றும் சீசியத்தைக் குடலிலேயே பிடித்து மலத்தோடு வெளியேற்றும். உடம்பில் இருக்கும் சீசியம் பாதியாகச் சுமார் 110 நாள் ஆகும்; மருந்தோடு 30 நாள். செர்னோபில் அணு உலை விபத்துக்குப் பிறகு நார்வேயில் கால்நடைகளுக்கும் இதையே கொடுத்தார்கள்.

*

களிமண்ணும் ஒரு கூண்டுதான். இல்லைட் என்ற களிமத்தின் பிளந்த ஓரங்களில் சீசியம் நுழைந்தால் எளிதில் வெளியே வராது. ஃபுகுஷிமாவில் 2011 அணு உலை விபத்துக்குப் பின் மேல்மண்ணை மட்டும் சுரண்டி எடுத்ததற்கு இதுவே காரணம். சீசியம் பெரும்பாலும் மேலே ஐந்து சென்டிமீட்டரிலேயே நின்றது. நெல் வயல்களில் பொட்டாஷ் உரத்தைக் கூட்டிப் போட்டார்கள். வேருக்குப் பொட்டாசியம் போதிய அளவு கிடைத்தால் சீசியத்தை எடுப்பது குறையும்.

வேல்ஸ் மலைகளில் நேர்மாறு. அங்கே கரிமம் மிகுந்த பீட் மண், களிமம் குறைவு. செர்னோபில் மழை கொண்டுவந்த சீசியம் புல்லுக்கும் ஆட்டுக்கும் மண்ணுக்கும் சுற்றிக்கொண்டே இருந்தது. 1986இல் போட்ட ஆட்டுக் கட்டுப்பாடுகளைக் கடைசியாக 2012இல்தான் முழுதாக நீக்கினார்கள். சீசியம் ஒன்றுதான், மண் வேறு.

*

இரத்தம் ஏற்றுவதற்குமுன் சில நோயாளிகளுக்காக அதைக் கதிரால் பதப்படுத்துவார்கள். தானம் தந்தவரின் வெள்ளணுக்கள் பெறுபவரைத் தாக்காமல் இருக்க. உலகெங்கும் அந்தக் கருவிகளில் பெரும்பாலும் சீசியம்-137 குளோரைடே இருந்துவந்தது. 2008இல் அமெரிக்க அறிவியல் அகாதமிகளின் அறிக்கை அதை மாற்றச் சொன்னது. மும்பை டிராம்பேயில் பாபா அணு ஆராய்ச்சி மையம் வேறு வழியில் போனது. அணுக்கழிவிலிருந்து சீசியம்-137ஐப் பிரித்து, கண்ணாடியோடு உருக்கி, எஃகு உறையில் பென்சில்களாக வார்த்தது. உறை உடைந்தாலும் கண்ணாடி பொடியாகக் காற்றில் பறக்காது, தண்ணீரில் எளிதில் கரையாது.

*

ஜனவரி 2023, மேற்கு ஆஸ்திரேலியா. சுரங்கத்திலிருந்து பெர்த்துக்குப் போன லாரியிலிருந்து 8 மில்லிமீட்டர் நீளக் குப்பி ஒன்று 1,400 கிலோமீட்டர் சாலையில் எங்கோ விழுந்துவிட்டது. பிப்ரவரி 1 அன்று சாலையோரத்தில் கிடைத்தது. அதில் இருந்ததும் சீசியம்-137தான், ஆனால் பீங்கான் வடிவில். யாராவது சட்டைப்பையில் போட்டுக்கொண்டிருந்தால் காயம் பட்டிருக்கும். மழை பெய்திருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது.

அந்த வாரத்துச் செய்திகளில் பெரும்பாலும் "சீசியம்" என்ற ஒரு சொல்லோடு நிறுத்திக்கொண்டார்கள். அடுத்த முறை இப்படி ஒரு செய்தி வந்தால் கேட்க வேண்டியவற்றை எழுதிவைக்கிறேன். எந்த ஐசோடோப்பு, எத்தனை பெக்கெரல் என்பதை எப்படியும் சொல்லிவிடுவார்கள். அது குளோரைடா, கண்ணாடியா, பீங்கானா? தண்ணீரில் கரையுமா? விழுந்த இடத்தில் களிமண்ணா, பீட்டா? இந்த மூன்றுக்கும் பதில் இல்லாத செய்தியில் பாதிதான் இருக்கிறது.